அடுத்த மாசம் எங்கே இருப்பீங்க?

(செவிலியர் தினத்தையொட்டி மாவட்டத் தலைநகர் ஒன்றில் நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற சமுதாய சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம்மைத் தாய் என்றார்கள், தேவதை என்றார்கள். மே 12ஆம் தேதி மட்டும் நமக்கு இறக்கை முளைக்கும். 13ஆம் தேதி காலை டியூட்டிக்குப் போகும்போது உதிர்ந்துவிடும். அதனால் இறக்கையை விட்டுவிட்டு ஐஸ் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

தடுப்பு மருந்து எடுத்துப் போகும் பெட்டியைச் சொல்கிறேன். கிராம சுகாதார செவிலியராக இருந்த காலம் முழுவதும் அது என் தோளில்தான் தொங்கியது. அந்தப் பெட்டிக்கு ஒரு சக்தி உண்டு. எந்த கேட்டும் அதற்குத் திறக்கும். தொழிலாளர் துறை அதிகாரி வந்தால் "ஓனர் ஊர்ல இல்ல சார்" என்பார்கள். போலீஸ் வருகிற சேதி போலீசுக்கு முன்பே வந்துவிடும். சொட்டு மருந்து நர்ஸம்மா வந்தால் மட்டும் வாட்ச்மேன் எழுந்து கதவைத் திறந்து, நாயைப் பிடித்துக் கட்டி, "உள்ள போங்கம்மா" என்பார். செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், நாடோடிகள் தங்கும் இடம் எல்லாம் போலியோ ஒழிப்புத் திட்டத்தில் தவறாமல் போக வேண்டிய இடங்கள். ஆகவே நான் போனேன். நம்மை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. இது நமக்கு அவமானமா, பெருமையா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

2009 ஜனவரி. திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு சேம்பர் சூளை. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள், செங்கல்லையே அடுக்கிக் கட்டிய, நிமிர்ந்து நிற்க முடியாத குடிசைகளில் இருந்தார்கள். ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்து, சுண்டுவிரலில் மை வைத்தேன். ஒன்றரை மாத ஊசி போடவில்லை என்று தெரிந்தது. கார்டு போட்டால் அடுத்த தேதி எழுத வேண்டும். எல்லாத் தாய்மாரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டேன்: "அடுத்த மாசம் எங்க இருப்பீங்க?"

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். பாஷை புரியாததால் பார்க்கிறாள் என்று நினைத்தேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கம்மா போவா? கணக்கு முடியறவரைக்கும் இங்கதான். போகணும்னாலும் விட்டுடுவமா?"

நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைச் சொல்லத்தான் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறேன். அடுத்த மாதம் போனபோது அந்தக் குடிசை காலி. "வேற சேம்பருக்கு அனுப்பிட்டோம்" என்றார்கள். பதிவேட்டில் 'இடம்பெயர்ந்தவர்' என்று எழுதி மூடினேன். தொழில்முறையில் பார்த்தால் நான் எழுதியதில் ஒரு பிழையும் கிடையாது.

நம் பாஷையில் 'ஆள்கடத்தல்' என்றதும் சினிமாதான் கண்ணுக்கு வருகிறது. ஆம்னி வேன் வந்து நிற்கும், வாயில் துணி அடைத்துத் தூக்கிப் போவார்கள். சட்டம் பேசுவது அதை மட்டும் அல்ல. ஒரு ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, வைத்திருப்பது, கைமாற்றுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை, மிரட்டியோ ஏமாற்றியோ பணம் கொடுத்தோ, சுரண்டுவதற்காகச் செய்தால் அது ஆள்கடத்தல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பாலியல் சுரண்டல், அடிமை வேலை, பிச்சையெடுக்க வைப்பது, உறுப்பைக் கட்டாயமாக எடுப்பது எல்லாம் அதற்குள் வரும். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே இல்லை என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. "அவளாத்தான் வந்தா" என்ற மேஸ்திரியின் பதில் சட்டத்தின் முன் செல்லாத காசு.

சூளையில் இது எப்படி நடக்கிறது? ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கம் அறுவடை முடிந்து கை காய்ந்திருக்கும் நேரத்தில் தரகர் வருவார். அவரை அங்கே சர்தார் என்பார்கள். கணவன், மனைவி, பிள்ளை சேர்ந்த கூட்டத்துக்கு ஒரு முன்பணம். கல்யாணக் கடன், வைத்தியச் செலவு, எதற்கோ ஒன்றுக்கு அந்தப் பணம் ஊரிலேயே தீர்ந்துவிடும். கார்த்திகை, மார்கழி வாக்கில் ரயில் ஏறினால் கோடை முடியும்வரை ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று அறுக்க வேண்டும். வாரச் செலவுக்குக் கொஞ்சம் காசு கையில் வரும். மீதியெல்லாம் கணக்கு நோட்டில். நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதே கணக்கு. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்துக்காக ஒருவர் விரும்பிய இடத்துக்குப் போக முடியாமல் இருந்தாலே அது கொத்தடிமை முறை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய வேலைதான் என்று, அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவை வைத்து, 1982இல் ஏஷியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கிலி வேண்டாம், பூட்டு வேண்டாம். 'போகணும்னாலும் விட்டுடுவமா' என்ற ஒரு வாக்கியம் போதும். அது என் காதில் விழுந்தது. சட்டம் என் பாடத்திட்டத்தில் இல்லாததால் அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் கேட்டது.

2011இல் அதே திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரே சூளையிலிருந்து 500 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். பேப்பரில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை பேரில் எத்தனை பிள்ளைகளின் சுண்டுவிரலில் எங்கள் ஆட்கள் வைத்த மை இருந்திருக்கும்!

அமெரிக்காவில் பாலியல் தொழிலுக்குக் கடத்தப்பட்டு மீண்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. நூற்றுக்கு 88 பேர், சிக்கியிருந்த காலத்திலேயே ஏதோ ஒரு டாக்டரையோ மருத்துவமனையையோ பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு அதே ஆளோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். நம் நாட்டுக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கிப் போட முடியாது. ஆனால் என் அனுபவத்தில் கடத்தப்பட்டவர் வராத ஆஸ்பத்திரி இல்லை. சரக்கு பழுதானால் ரிப்பேருக்குக் கொண்டுவரத்தானே செய்வார்கள்!

பயிற்சி வகுப்புகளில் காட்டும் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் விலங்கு, இருட்டு அறை, கண்ணீர் முகம். அப்படி யாரும் நம் ஓபிக்கு வந்ததில்லை. வருகிறவர் சாதாரணமாக வருவார். நீங்கள் பெயர் கேட்டால் கூட வந்தவர் சொல்வார். ஆதார் கூட வந்தவர் பையில் இருக்கும். ஒரே பஸ்ஸில் வந்த ஐந்து பெண்களுக்கும் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கும். தங்கியிருக்கும் ஊர்ப் பெயரே அவருக்குத் தெரியாது. "ஊசி போட்டு அனுப்புங்க சிஸ்டர், லோடு நிக்குது" என்று கூட வந்தவர் அவசரப்படுவார். இதெல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. என் கணவரும்தான் ஆஸ்பத்திரியில் எனக்குப் பதிலாகப் பேசுவார்! ஆனால் கடைசியில் "அடுத்த முறை எப்போ வருவீங்க" என்று கேளுங்கள். சுதந்திரமாக இருக்கிற ஆள் யோசித்துப் பதில் சொல்வார். அப்படி இல்லாதவர் திரும்பி யாரையாவது பார்ப்பார்.

சூளையைவிடச் சிக்கலான இடம் நூல் மில். 'சுமங்கலித் திட்டம்' கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. பெரும்பாலும் தென்மாவட்டத்து ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகள். இரண்டே முக்கால் வருஷத்தில் உடம்பு முடியாமல் போனால் தொகையும் போச்சு என்று கைவிரித்த கதைகள் ஏராளம். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் இருந்த சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால் பெயரில்லாத மாத்திரை ஒன்றைக் கையில் கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். மருந்துச் சீட்டு இல்லை, என்ன மாத்திரை என்ற விவரமும் இல்லை.

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை இருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். அந்த அறையில் உட்காரும் செவிலியருக்குச் சம்பளம் கொடுப்பது ஆலை. இங்கே இருக்கிற சிலர் நாளைக்கு அந்த வேலைக்குப் போவீர்கள். அந்தச் செவிலியரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று செய்யலாம். கொடுத்த மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். "வலி, 4ஆவது முறை, விடுப்பு கேட்டார், மறுக்கப்பட்டதாகச் சொல்கிறார்" என்று எழுதுங்கள். நீங்கள் குரலே உயர்த்த வேண்டாம். கேஸ் ஷீட் ஒருநாள் பேசும்.

இனிமேல் சொல்லப் போவதைச் செவிலியர் தினத்தில் சொல்லலாமா என்று ஏற்பாட்டாளர்கள் தயங்கினார்கள். சொல்கிறேன்.

2022இல் ஈரோட்டில் 16 வயதுப் பெண் பிள்ளையின் கருமுட்டையை எட்டு முறை எடுத்து விற்ற வழக்கு வந்தது. பெற்ற தாயே உடந்தை. வயதைக் கூட்டிப் போலி ஆதார். தானம் கொடுப்பவருக்கு 23 வயதாவது ஆகியிருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம் என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முட்டை எடுப்பது ஒருநாள் வேலை அல்ல. ஏறக்குறைய பத்து நாள் ஹார்மோன் ஊசி, இடையிடையே ஸ்கேன், பிறகு மயக்க மருந்து. ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, பஞ்சால் துடைத்து ஊசி போட்டது யார்? யாரோ ஒரு செவிலியர்தானே? ஆதாரில் இருபதுக்கு மேல் என்று இருக்கலாம். பதினாறு வயதுக் கை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

அதற்கு முன்பு, 2019இல் ராசிபுரம். பச்சிளங்குழந்தைகளை விற்றதாக விருப்ப ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் கைதானார். ஆண் குழந்தைக்கு என்ன விலை, பெண் குழந்தைக்கு என்ன விலை, நிறத்துக்கு எவ்வளவு என்று அவர் பேசியதாகச் சொல்லப்பட்ட ஒலிப்பதிவு தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அந்த வாரம் நான் ஒரு பிரசவ வார்டுக்குள் நுழைந்தேன். ஒரு பாட்டி தொட்டிலில் இருந்த பேரனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துத்தான்.

எந்த வீட்டில் வேண்டாத கர்ப்பம், எந்த வீட்டில் பிள்ளையில்லை என்ற விவரம் நம்மிடம் இருக்கிறது. கதவு திறப்பது நமக்கு. தடுப்பதற்கு எது உதவுமோ, விற்பதற்கும் அதேதான் உதவும். வேண்டாத குழந்தையை யாரும் கையில் வாங்கி இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது, எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும். 1992 முதல் தொட்டில் குழந்தைத் திட்டம் இருக்கிறது. குழந்தைகள் நலக் குழுமம் இருக்கிறது. சட்டப்படி தத்து போகட்டும். "பாவம், பிள்ளை இல்லாதவங்க" என்ற இரக்கத்தில்தான் பல விற்பனைகள் தொடங்கியிருக்கின்றன.

சிறுநீரகம் பற்றிச் சுருக்கமாக. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைப் பார்த்து எழுதிய ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். 86 பேர், விற்ற பிறகு உடம்பு கெட்டதாகச் சொன்னார்கள். குடும்ப வருமானமும் குறைந்துதான் போனது. விலாவுக்குக் கீழே அந்தத் தழும்பை டிரஸ்ஸிங் ரூமில் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். தழும்பைப் பார்த்தால் கடனை விசாரியுங்கள். அடுத்து அந்த வீட்டில் யாருடைய முறை என்பது அதில் தெரியும்.

சரி, சந்தேகம் வந்தால் என்ன செய்வது? பலருக்கும் உடனே கூட வந்தவனை மடக்கிக் கேட்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அவன் உங்களிடம் பல்லைக் காட்டிவிட்டுப் போவான். அடி அவளுக்கு விழும், இரவோடு இரவாக இடம் மாற்றிவிடுவான். எனக்கு 'வேற சேம்பர்' அனுபவம் போதும்.

முதலில் இரண்டு நிமிடம் நோயாளியைத் தனியாக்க வேண்டும். அதற்கு நம்மிடம் இல்லாத வழியா? சிறுநீர் டெஸ்ட் எடுக்கணும் என்று பாத்ரூம் பக்கம் அழைத்துப் போகலாம். எடை பார்க்கும் அறைக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை எனலாம். கர்ப்பிணி என்றால் வயிற்றுப் பரிசோதனைக்குத் திரை போடலாம். அங்கே "உன்னை யாராவது கடத்திட்டாங்களா" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார். சம்பளம் உங்க கைக்கு வருதா? உடம்பு சரியில்லைன்னா லீவு உண்டா? அம்மா அப்பாகிட்ட போன்ல பேசுவீங்களா, போன் யாருது? ஊருக்குப் போகணும்னா யாரைக் கேக்கணும்? இப்படிக் கேளுங்கள். கூட வந்தவரை மொழிபெயர்க்க விடாதீர்கள். கூண்டுக்குச் சாவி வைத்திருப்பவனே கிளிக்குப் பேசிக் காட்டினால் எப்படி?

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால், பாலியல் கொடுமை சந்தேகம் என்றால், யோசிக்கவே இடமில்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிடலாம். வயது வந்த பெண் என்றால் அவர் விருப்பத்தைக் கேட்காமல் ஓடாதீர்கள். அவரிடமிருந்து ஏற்கெனவே எல்லா முடிவையும் பிடுங்கியிருக்கிறார்கள், நாமும் ஒன்றைப் பிடுங்க வேண்டாம். பெண்கள் உதவி எண் 181ஐ மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். சீட்டில் எழுதிக் கொடுத்தால் சோதனையில் மாட்டுவார். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு முதலில் சிகிச்சை, அதுவும் இலவசமாக. தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். எஃப்ஐஆர் வந்தால்தான் தொடுவேன் என்று டாக்டர் சொன்னால், அது சட்டப்படி குற்றம் என்று பணிவாக எடுத்துச் சொல்லலாம். என் காலத்தில் 'இரு விரல் சோதனை' என்ற கொடுமை நடக்கும்போது ட்ரே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். 2014இல் மத்திய சுகாதாரத் துறை வேண்டாம் என்றது. 2022இல் உச்ச நீதிமன்றம், இனி செய்தால் அது முறைகேடு என்றே சொல்லிவிட்டது. இனி யாராவது செய்தால் ட்ரேயைக் கீழே வையுங்கள்.

கொத்தடிமை என்று தோன்றினால் கோட்டாட்சியருக்கும் கலெக்டருக்கும் தகவல் போக வேண்டும். விசாரித்து அவர்கள் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தால், உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மொத்தம் 2 லட்சம் வரை மறுவாழ்வுத் தொகை உண்டு. பெரும்பகுதியைக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான் தருவோம் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வழக்கு முடிய எத்தனை வருஷம் ஆகும் என்பது அந்த விதியை எழுதியவருக்குத் தெரியாதா? அதுவரை அந்தக் குடும்பம் சாப்பிட வேண்டாமா? அடுத்த சீசனுக்கு அதே சர்தார் வாசலில் வந்து நிற்பான்.

நம் நிலைமையையும் பேசாமல் இருக்க முடியாது. ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. பக்கத்து நிலையம் காலியாக இருந்தால் அதுவும் நம் தலையில். 2015இல் அரசு மருத்துவமனைகளுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் செவிலியர்களை எடுத்தார்கள். நிரந்தரம் ஆவோமா என்று தெரியாத பெண்ணை, சூளை முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல் என்று எப்படிச் சொல்வது? தகவல் கொடுத்த செவிலியரின் பெயர் வெளியே வராமல் காப்பது துறையின் பொறுப்பு. அதைச் செய்யாமல் போஸ்டர் அச்சடித்துப் பயனில்லை.

நம்மையும் விற்றிருக்கிறார்கள். 2015இல் கொச்சியில் வெளிவந்த மோசடியில், வளைகுடா வேலைக்குச் சட்டம் அனுமதித்த கட்டணம் ஏறக்குறைய 20,000 ரூபாய். ஏஜென்சி ஒவ்வொரு செவிலியரிடமும் வாங்கியது 19 லட்சத்துக்கு மேல். அதற்கு முந்தைய வருஷம் இராக்கின் திக்ரித்தில் 46 இந்தியச் செவிலியர்கள் சண்டைக்கு நடுவே சிக்கிக்கொண்டார்களே, நினைவிருக்கிறதா? குண்டு விழும் ஊரிலிருந்து கிளம்பவே அவர்களில் சிலர் தயங்கினார்கள். வீட்டில் கடன் நிற்கிறது, சம்பளப் பாக்கி வரவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோதுதான், சூளைப் பெண் ஏன் ஓடிப் போகவில்லை என்பது எனக்கு முழுசாகப் புரிந்தது. வெளிநாடு போகிற பிள்ளைகள் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒருமுறை விசாரித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று. 2012 என்று நினைக்கிறேன். இன்னொரு சூளையிலிருந்து ஒரு ஒடியாப் பெண் பிரசவத்துக்கு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தாள். மேஸ்திரி வாசலில் பீடி குடித்துக்கொண்டு நின்றார். பிரசவ அறைக்குள் அவருக்கு இடம் இல்லை. எனக்குத் தெரிந்த, ஒரு தொண்டு அமைப்பில் வேலை செய்த ஒடியாக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தேன். ஐந்து நிமிடம் பேசினாள், பத்து நிமிடம் அழுதாள். உதவி வேண்டுமா என்று கேட்கச் சொன்னேன், வேண்டும் என்றாள். சொன்னதை அவள் வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதினேன். 'ரத்தம் குறைவு, கண்காணிப்பு தேவை' என்று மூன்று நாள் வார்டிலேயே வைத்துக்கொண்டோம். அது பொய்யும் அல்ல; ஹீமோகுளோபின் 7தான் இருந்தது. நான்காவது நாள் கோட்டாட்சியர் ஜீப் சூளைக்குப் போனது.

ரயில் ஏற்றும் அன்று ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். தடுப்பூசி கார்டை நீட்டினேன். எழுத்தெல்லாம் தமிழில்; எண்களையாவது அங்கே படித்துக்கொள்ளட்டும் என்று தேதிகளைப் பெரிதாக எழுதியிருந்தேன். ஒன்றரை மாத ஊசிக்கான கட்டத்தில் விரலை வைத்துக் காட்டி, கையைச் சுழற்றி, எங்கே என்பதுபோல் கேட்டேன்.

இந்த முறை அவள் யாரையும் பார்க்கவில்லை. "காவ்" என்றாள். ஊரில்.